பூட்டிய செல்போனும் காவல் நிலையமும்

இணையக் குற்றங்களைக் காவல் துறையால் சமாளிக்க முடியுமா என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பூட்டிய செல்போன்களை என்ன செய்வது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நாம் எப்போதும் ஒரே மூச்சில்தான் கேட்கிறோம். செல்போனைத் திறக்க முடியவில்லை, வாட்ஸ்அப்பைப் படிக்க முடியவில்லை, அதனால்தான் குற்றவாளி சிக்கவில்லை என்று பேசிப் பழகிவிட்டோம். அந்த ‘அதனால்தான்’ சரிதானா என்று பார்க்கவே வந்திருக்கிறேன். மிகப் பெரும்பாலான வழக்குகளில் அது சரியில்லை என்பது என் முடிவு. சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்துக்கு 2023இல் வந்த புகார்கள் ஏறத்தாழ 15 லட்சத்து 96 ஆயிரம். 2024இல் அது 22 லட்சத்து 68 ஆயிரம் ஆயிற்று. மக்கள் இழந்த பணம் 2023இல் 7,465 கோடி ரூபாய். அடுத்த ஆண்டில் 22,845 கோடி. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த எண்கள் இவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023இல் நாடு முழுவதும் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 86,420. ஒரு புகார், ஒரு வழக்கு என்று நேருக்கு நேர் பொருத்திவிட முடியாதுதான். பல புகார்கள் ஒரே வழக்கில் சேரும். சில, விசாரித்துப் பார்த்தால் குற்றமே ஆகாது. அதையெல்லாம் கழித்தாலும், நூறு புகாருக்கு ஐந்தாறு வழக்கு என்ற விகிதம் நம்மைக் கலங்க வைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடாத புகாரில் யாருடைய செல்போனும் கைப்பற்றப்படுவதில்லை. அங்கே பூட்டு என்ற பேச்சே எழுவதில்லை. அந்த மக்களுக்கு நியாயம் கிடைக்காமல் போனது வேறு எங்கேயோ.

எங்கே என்று பார்க்க ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, அல்லது உங்கள் ஆதாரை வைத்து யாரோ கணக்குத் தொடங்கிப் பணமோசடி செய்திருக்கிறார்கள் என்று முதல் அழைப்பு வரும். அந்த அழைப்பை மும்பைப் போலீசுக்கோ சிபிஐக்கோ மாற்றிவிடுவதாகச் சொல்வார்கள். வீடியோவில் சீருடை தெரியும். பின்சுவரில் துறையின் சின்னம் தெரியும். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, வைப்புத்தொகையை உடைத்து ரிசர்வ் வங்கியின் ‘சரிபார்ப்புக் கணக்கு’க்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். வாழ்நாள் முழுவதும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த ஒருவர், அந்தக் கட்டுப்பாட்டினாலேயே தன் ஓய்வூதியப் பணத்தை இழக்கிறார். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டி வந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. டிசம்பரில் சிபிஐயிடம் விசாரணையை ஒப்படைத்தது.

இந்தக் குற்றத்தில் மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன், எங்கே இருக்கிறது? அந்த வாட்ஸ்அப் அழைப்பில் இருக்கிறது. ஆனால் இருமுனை மறையாக்கத்தில் ஒரு முனை, ஏமாந்தவரின் கையில் அல்லவா இருக்கிறது! அழைத்த எண், அனுப்பிய போலி ஆணை, பணம் போடச் சொன்ன கணக்கு, நாள், நேரம் எல்லாம் அவருடைய போனிலேயே படிக்கும்படி கிடக்கின்றன. அவரே அதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வருகிறார். வங்கிக் கணக்கிலும் மறைவு ஏதும் இல்லை. அது யாரோ ஒருவரின் ஆதாரையும் பான் அட்டையையும் வாங்கித் திறந்த கணக்கு. பெரும்பாலும் ‘மியூல்’ கணக்கு: சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்கு ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் சேர்த்து வாடகைக்கு விட்ட ஒரு கல்லூரி மாணவருடையதாகவோ கூலித் தொழிலாளியுடையதாகவோ இருக்கும். பணம் அங்கிருந்து பத்துக் கணக்குக்கும், அந்தப் பத்திலிருந்து ஐம்பதுக்கும் பிரிந்து ஓடும். இதைத்தான் இணையக் குற்றப் பிரிவுக் காவலர்கள் ‘லேயர்’ என்கிறார்கள். கடைசியில் அது எங்காவது ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும், அல்லது யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக மாறும். அந்த நாணயத்தின் பேரேடுகூட யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது.

பேசியவர் எங்கே உட்கார்ந்து பேசினார்? பல வழக்குகளில் கம்போடியாவில், அல்லது மியான்மரின் மியாவடியில், வேலி போட்ட ஒரு வளாகத்துக்குள். 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய் அந்த மியாவடியில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மோசடிச் செய்தி அனுப்ப மறுத்தால் அடியும் உதையும் என்று அவர்கள் சொன்னார்கள். இங்கே ஒருவர் ஏமாறுகிறார்; அங்கே நம் பிள்ளை ஒருவன் அடிக்குப் பயந்து ஏமாற்றுகிறான். உலகத்தின் எல்லா வாட்ஸ்அப் செய்திகளையும் நம் காவல் துறை படித்தாலும் அந்த வேலிக்குள் போய்க் கைது செய்ய முடியாது. அங்கே தூதரகமும் அந்த நாட்டுக் காவல் துறையும்தான் வேலை செய்ய வேண்டும்.

இங்கே நம்மால் முடிந்தது நேரத்தைப் பிடிப்பது. பணம் போன முதல் ஒரு மணி நேரம். 1930 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு 2021இல் வந்தது. நீங்கள் அழைத்ததும் புகார் ஒரு சீட்டாகி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குக் கணினி வழியே போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த வங்கிக்கு ஓடியிருந்தால் சீட்டும் பின்னாலேயே ஓடுகிறது. 2025 ஜூலை வரை 17 லட்சத்து 82 ஆயிரம் புகார்களில் 5,489 கோடி ரூபாய் இப்படித் தடுக்கப்பட்டிருக்கிறது. இழந்ததோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்குதான். ஆனாலும் முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இதை நான் முதல் சாட்சியாக நிறுத்துவேன். எந்தப் பூட்டையும் உடைக்காமல், எவருடைய அந்தரங்கத்தையும் படிக்காமல், வங்கிகளையும் காவல் துறையையும் ஒரே திரையில் உட்கார வைத்ததால் மட்டும் தப்பிய பணம் இது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பிரிந்து ஓடிய பணத்தில் ஒரு துளி, மளிகைக் கடைக்காரர் ஒருவரின் கணக்கில் யுபிஐ வழியாக விழுகிறது என்று வையுங்கள். அவர் சரக்குக் கொடுத்தார், காசு வாங்கினார். ஆயிரம் மைல் தள்ளி ஏதோ ஒரு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வருகிறது. முழுக் கணக்கும் முடங்குகிறது. மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவும் வழியில்லாமல் நிற்கிறார். சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று சொல்லாமல், காலவரையறையும் இல்லாமல், முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தைப் பறிப்பது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கண்டித்தது. வேகம் வேண்டும் என்று கேட்கிற நானே இதையும் கேட்கிறேன்: எந்தத் தொகையோ அதை மட்டும் நிறுத்துங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

அடுத்தது, வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று. இது நுணுக்கமான சங்கதி, பொறுமையாகக் கேளுங்கள். ஒரு போலிக் கணக்கு எந்த ஐபி முகவரியிலிருந்து இயங்கியது என்று சமூக ஊடக நிறுவனம் காவல் துறைக்குச் சொல்லிவிட்டது என்று வைப்போம். வேலை முடிந்ததா? இல்லை. முகவரிகள் பற்றாததால் செல்போன் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அவர்களில் யார் என்று பிரிக்க, முகவரியோடு போர்ட் எண்ணும் வேண்டும், நொடி வரைக்கும் நேரமும் வேண்டும். போர்ட் எண் இல்லாமல் கேட்டால் பதிலாக வருவது ஒரு பெயர்ப் பட்டியல். நேரத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிவு தருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த ஐந்தரை மணியைக் கூட்டாமல் கடிதம் எழுதினால் வேறு யாரோ ஒருவரின் பெயர் வரும். விடியற்காலையில் அந்த வீட்டுக் கதவு தட்டப்படும். இந்தக் கூட்டலைத் தெரிந்த ஒரு காவலருக்கும் தெரியாத ஒரு காவலருக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது. எந்த மென்பொருளை வாங்கினாலும் இதைத் தீர்க்காது, பயிற்சிதான் தீர்க்கும்.

பயிற்சி என்றதும், சட்டமே நிலையத்துக்குப் போய்ச் சேராத கதையையும் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்துவிட்டது. அதற்குப் பிறகும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. ஆறு ஆண்டு கழித்து, 2021இல், இது அதிர்ச்சி தருகிறது என்று அதே நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. 2022இல் அந்த வழக்குகளைக் கைவிடும்படி ஆணையிட்டது. இல்லாத சட்டத்தில் மனிதரைப் பிடிக்கிற அமைப்பிடம் இன்னும் பெரிய அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்று குடிமக்கள் தயங்குவது நியாயம்தான்.

காவலர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்கிறேன். அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு, ஆய்வாளரும் அவருக்கு மேற்பட்டவரும் மட்டுமே இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட குற்றங்களைப் புலனாய்வு செய்யலாம் என்கிறது. தொடக்கத்தில் துணைக் கண்காணிப்பாளர் என்று இருந்ததை 2009இல் அமலான திருத்தம் ஆய்வாளராகக் குறைத்தது. ஆனால் நம் காவல் நிலையங்களில் வழக்குகளைச் சுமப்பவர்கள் உதவி ஆய்வாளர்கள். ஆய்வாளர் ஒருவர், அவர் தலையில் சட்டம் ஒழுங்கு, நீதிமன்றம், திருவிழா, தலைவர் வருகை என்று எல்லாம். இணையக் குற்றம் என்பது அவர் மேசையில் ஏற்கெனவே இருக்கும் கட்டின் மேல் இன்னொரு கோப்பு. இணையக் குற்றப் பிரிவில் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. ஊரில் பெரிய கூட்டம் என்றால் அவரும் பந்தோபஸ்துக்குப் போக வேண்டும். ஒரு வழியாகத் தொழில் கைவந்த நேரத்தில் மாறுதல் வந்துவிடும். பயிற்சிக்குச் செலவான பணமும் உழைப்பும் அந்த மாறுதல் ஆணையோடு போய்விடும்.

இதே காவல் துறை நன்றாகச் செய்ததும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே மிக முதலில் வந்த தண்டனைகளில் ஒன்று சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில், 2004 நவம்பரில் கிடைத்தது. ஒரு பெண்ணை இழிவுபடுத்தி இணையக் குழுவில் செய்தி போட்ட வழக்கு. பிரவுசிங் சென்டர் பதிவுகளையும் அங்கே இருந்தவர்களின் சாட்சியத்தையும் கோத்து, சில மாதங்களிலேயே தீர்ப்பு வரை கொண்டுபோனார்கள். அன்று செலவேறிய கருவி எதுவும் இல்லை. நடந்து போய் விசாரித்தார்கள், பதிவேட்டைக் கைப்பற்றினார்கள், நேரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள்.

இனி அந்தப் பூட்டுக்கு வருகிறேன். ஆறு இலக்க எண்தானே, பத்து லட்சம் வாய்ப்புத்தானே, கணினி ஒன்று நொடியில் முடித்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடிக்காது. அந்த முயற்சியைப் போனுக்கு வெளியே எடுத்துச் சென்று செய்ய முடியாது என்பதே காரணம். ஐபோனின் சில்லுக்குள் தனியாக ஒரு பாதுகாப்புப் பகுதி இருக்கிறது. தயாரிக்கும்போதே அதில் பதித்த, வெளியிலிருந்து யாரும் படிக்க முடியாத ஓர் எண்ணோடு கலந்துதான் உங்கள் கடவெண் சாவியாகிறது. ஒவ்வொரு முயற்சியும் அந்தச் சில்லின் வழியே போக வேண்டும். ஒன்றுக்கு ஏறத்தாழ 80 மில்லிவினாடி எடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறெழுத்துக் கடவுச்சொல்லை எல்லா வகையிலும் முயன்று பார்க்க ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதியிருக்கிறது. தவறான முயற்சிகளுக்கு இடையே காத்திருக்கும் நேரத்தை அது கூட்டிக்கொண்டே போவது தனி. உரிமையாளர் அப்படி அமைத்திருந்தால் பத்துத் தவறில் எல்லாம் அழிந்துவிடுவதும் தனி.

அப்படியானால் செலிபிரைட், கிரேகீ போன்ற கருவிகளை வைத்துக்கொண்டு ஆய்வகங்கள் எப்படிச் சில போன்களைத் திறக்கின்றன? அந்தந்த மாடலிலும் மென்பொருளிலும் இருக்கும் குறைகளைப் பிடித்து. அங்கே ஒரு நிலைமை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போனை இயக்கிய பிறகு உரிமையாளர் ஒரு முறையாவது திறந்திருந்தால், திரை பூட்டியிருந்தாலும் உள்ளே பல சாவிகள் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அணைத்துப் போட்டு மறுபடி இயக்கினால் ஏறக்குறைய எல்லாம் மூடிக்கொள்ளும். ஆகவே சம்பவ இடத்தில் ஒரு காவலர் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்து போனை அணைத்தால், ஆய்வகத்தின் பாதி வாய்ப்பை அவர் கையாலேயே அடைத்துவிடுகிறார். சார்ஜ் போட்டபடி, சமிக்ஞை நுழையாத ஃபாரடே பையில், உடனே அனுப்ப வேண்டும். இதிலும் கெடு இருக்கிறது. 2024இல் வந்த ஐஓஎஸ் 18.1 முதல், மூன்று நாள் திறக்காமல் கிடந்த ஐபோன் தானாகவே மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. மகஜர் எழுதி, முத்திரை வைத்து, நீதிமன்றத்தில் ஒப்படைத்து, கடிதம் வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்பும் நம் நடைமுறை மூன்று நாளில் முடிகிற நடைமுறையா? வழக்குச் சொத்து அலமாரியில் கிடந்தே அந்த போன் தன்னைப் பூட்டிக்கொள்கிறது.

வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் 2015 டிசம்பர் 2 அன்று 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளியிடம் இருந்த ஐபோன் 5சி அவர் வேலை பார்த்த மாவட்ட நிர்வாகத்தின் சொத்து. ஆப்பிளே அதைத் திறக்கும் மென்பொருளை எழுதித் தர வேண்டும் என்று எஃப்.பி.ஐ. 2016 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணை வாங்கியது, ஆப்பிள் மறுத்தது, உலகமே அதைப் பேசியது. அந்தச் சண்டைக்கு முன் நடந்தது என்ன தெரியுமா? சம்பவத்துக்கு அடுத்த சில நாட்களிலேயே, எஃப்.பி.ஐ.யின் வேண்டுகோளின்படி, அந்த போனின் ஐகிளவுட் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் போன் தானாகப் புதிய காப்புப் பிரதியை ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பியிருக்கக்கூடும். அதை ஆணை காட்டி வாங்கியிருக்கலாம். அது தவறு என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில் ஒப்புக்கொண்டார். மார்ச் 28 அன்று வெளியார் ஒருவரின் உதவியால் போன் திறந்துவிட்டது என்று வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2018இல் வந்த தலைமை ஆய்வு அலுவலரின் அறிக்கை இன்னும் வேதனையானது: ஆப்பிளுக்கு மாற்று வழியே இல்லை என்று எஃப்.பி.ஐ.யின் ஒரு பிரிவு நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே அமைப்பின் இன்னொரு பிரிவுக்குத் தெரிந்த ஓர் ஒப்பந்ததாரர் அந்த வேலையில் முக்கால்வாசிக்கும் மேல் முடித்திருந்தார். ஒருவர் மற்றவரைக் கேட்கவில்லை. அதே ஆண்டில் வேறொன்றும் வெளிவந்தது. திறக்க முடியாமல் கிடக்கும் போன்கள் ஏறத்தாழ 7,800 என்று எஃப்.பி.ஐ. பல மேடைகளில் சொல்லிவந்த எண் தவறு. ஒன்றையே பலமுறை எண்ணியிருக்கிறார்கள். உண்மை எண் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் இருக்கலாம் என்று செய்தி வந்தது. பூட்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

திறந்தால் மட்டும் போதாது. திறந்ததை நீதிமன்றம் நம்ப வேண்டும். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இலும், மீண்டும் 2020இலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம், அந்தச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் எழுதச் சொல்கிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண் அது. கைப்பற்றிய அந்த இடத்திலேயே, உரிமையாளர் முன்னிலையில் அந்த எண்ணை எடுத்து அவர் கையில் ஒரு படி கொடுத்துவிட்டால், பின்னால் யாரும் எதையும் நுழைத்தார்கள் என்று சொல்ல முடியாது; நுழைத்தால் தெரிந்துவிடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பீமா கோரேகாவ் வழக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் மடிக்கணினியில் இருந்த கோப்புகள், வெளியிலிருந்து தீநிரல் வழியாக வைக்கப்பட்டவை என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. அந்த வழக்கின் முடிவைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. ஒரு கணினிக்குள் பிறர் கை நுழைய முடியும் என்ற உலகத்தில், சாட்சியத்தின் தூய்மையைக் காப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எவ்வளவு முக்கியமோ, நேர்மையான காவலருக்கும் அவ்வளவு முக்கியம்.

கடவெண்ணைச் சொல் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா? அரசியல் சட்டத்தின் 20(3) குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. கைரேகை, கையெழுத்து மாதிரி இவை அந்தத் தடைக்குள் வராது என்று 1961இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் சொன்னார்கள். மனத்துக்குள் இருப்பதை மருந்து கொடுத்துப் பிடுங்கக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்தது. இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் செல்போன் கிடக்கிறது. கடவுச்சொல் தருவது சாட்சியம் ஆகாது, அது சோதனை போடுவதைப் போன்றதே என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் பார்த்தது. டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் 2022இல் மாறாகச் சொன்னது: விரல் வைக்கச் சொல்லலாம், மனத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லச் சொல்லக் கூடாது. பிரிட்டனில் தனிச் சட்டமே இருக்கிறது. நீதிபதியின் அனுமதியோடு அறிவிப்புக் கொடுத்தும் சாவியைத் தராவிட்டால் இரண்டு ஆண்டு சிறை, தேசப் பாதுகாப்பு, குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் ஐந்து ஆண்டு. என் கருத்தைக் கேட்டால், மனத்தில் இருப்பதைப் பிடுங்குவதற்கு நான் எதிரி. ஆனால் அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. இன்று தெருவில் நிறுத்தி ‘போனைத் திற’ என்று ஒரு காவலர் சொல்கிறார். இளைஞன் பயந்து திறக்கிறான். எந்த நீதிபதியும் அங்கே இல்லை. போன்களைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஒன்றிய அரசிடம் அழுத்திச் சொன்னது, பத்திரிகையாளர்கள் தொடுத்த வழக்கில். எதைத் தேடுகிறோம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிய ஆணை இல்லாமல் ஒருவரின் முழு வாழ்க்கையையும் நகலெடுப்பது புலனாய்வு ஆகாது.

போன்களை விட்டு, எல்லார்க்குமான மறையாக்கத்தையே தளர்த்த வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த விவாதத்தின் ஒரு வேர் சென்னையில்தான். சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த பொதுநல வழக்கு, 2019இல் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கும் வழியைப் பற்றிய வழக்காக வளர்ந்தது. ஐ.ஐ.டி. சென்னையின் பேராசிரியர் காமகோடி, மறையாக்கத்தை உடைக்காமலே ஒவ்வொரு செய்தியோடும் முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று யோசனை தந்தார். 2021இல் வந்த விதிகள் பெரிய செய்திச் செயலிகள் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றன. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பேராசிரியரின் அறிவின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்த யோசனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. வதந்தி ஒன்றைச் செய்தவன் வேறு செயலியில் செய்திருப்பான். அதைப் பார்த்துப் பதறி வாட்ஸ்அப்பில் முதலில் போட்ட ஒரு தாய் ‘முதல் அனுப்புநர்’ ஆவாள்.

காவலர்க்கு மட்டும் ஒரு பின்வாசல் என்ற யோசனை இன்னும் ஆபத்து. கிரேக்க நாட்டில் 2004, 2005இல் தொலைபேசி நிறுவனத்தில் சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்கென்று இருந்த வசதியை வேறு யாரோ இயக்கி, பிரதமர் உட்பட நூறு பேரளவில் ஒட்டுக்கேட்டார்கள். 2024இல் சீனாவோடு தொடர்புள்ளதாக அமெரிக்கா சொல்லும் சால்ட் டைஃபூன் குழு, அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையே தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு, பல ஆண்டுகளாக மறையாக்கத்தைக் குறை சொல்லிவந்த அதே அமெரிக்க அரசின் அதிகாரிகள், மறையாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள்.

மறையாக்கத்துக்குப் பின்னால் பெரிய குற்றக் கும்பல்கள் ஒளியவில்லையா? ஒளிந்தார்கள். காவல் துறை அவர்களைப் பிடித்தும் இருக்கிறது. என்க்ரோசாட் என்ற ரகசிய போன் சேவையின் சர்வர் பிரான்சில் இருந்தது. 2020இல் பிரெஞ்சு, டச்சுக் காவல் துறையினர் நீதிமன்ற அனுமதியோடு அந்த ஒரு சேவைக்குள் நுழைந்தார்கள். பதினோரு கோடிக்கும் மேற்பட்ட உரையாடல்கள் கிடைத்தன. மூன்று ஆண்டுக்குள் உலகெங்கும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் கைதானதாக யூரோபோல் சொன்னது. அந்தச் சாட்சியம் செல்லுமா என்று ஐரோப்பிய நீதிமன்றங்களில் நீண்ட வழக்குகள் நடந்தன, நடக்கத்தான் வேண்டும். பொதுமக்கள் எல்லாருடைய பூட்டையும் தளர்த்தாமல், சந்தேகத்துக்குரிய ஒரு சேவையைக் குறிவைத்துப் பல மாதம் உழைத்த வேலை அது.

மறையாக்கம் உண்மையிலேயே வலிக்கிற இடம் ஒன்று உண்டு என்று தொடக்கத்தில் ஒப்புக்கொண்டேன். அது குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை. மற்ற மோசடிகளில் புகார்தாரர் கையில் ஒரு முனை இருக்கிறது என்றேன். இங்கே இரண்டு முனையிலும் குற்றவாளிகள், குழந்தையின் கையில் எதுவும் இல்லை. இணையத்தில் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் பற்றிய அறிக்கைகளைத் திரட்டும் அமெரிக்காவின் என்சிஎம்இசி மையத்தோடு நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் உடன்பாடு செய்துகொண்டது. அந்த மையத்தின் தகவல்கள் வழியாகத் தமிழ்நாட்டிலும் கைதுகள் நடந்தன. அந்த மையத்துக்கு வந்த அறிக்கைகள் 2023இல் 3 கோடியே 62 லட்சம். 2024இல் 2 கோடியே 5 லட்சம். ஒரே சம்பவத்தின் அறிக்கைகளை ஒன்றாகச் சேர்க்கத் தொடங்கியது ஒரு காரணம். ஃபேஸ்புக் மெசஞ்சர் இருமுனை மறையாக்கத்துக்கு மாறியது இன்னொரு காரணம். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பயனர் தரும் புகார், குழுக்களின் பெயரும் படமும், பணம் கைமாறிய தடம், குழுவுக்குள் நுழைந்து வேலை செய்யும் காவலர் இவற்றால் சிலரைப் பிடிக்கலாம். எல்லாரையும் பிடிக்க முடியாது. அந்த இழப்பைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன்.

சொல்லக்கூடியது, அந்த நுணுக்கமான வேலையைச் செய்ய ஆள் வேண்டும் என்பது. அப்படிப்பட்ட ஆட்கள் நமக்கு முன்பே இருந்தார்கள். உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897இல் கொல்கத்தாவில் தொடங்கியது. எட்வர்டு ஹென்றியின் பெயர் சூட்டிய அந்த வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவலர்கள். சென்னையில் வேதியியல் பரிசோதகரின் ஆய்வகம் 1849இலேயே இருந்தது. நம் காவல் துறைக்கு அறிவியல் புதிதல்ல. கைரேகைக்கென்று தனியாக உதவி ஆய்வாளர்களைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இன்றும் எடுக்கிறது. அவர்கள் அந்தத் தொழிலிலேயே வளர்கிறார்கள். இணையப் புலனாய்வுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்: தனித் தேர்வு, அதிலேயே பதவி உயர்வு, பந்தோபஸ்திலிருந்து விலக்கு. 78ஆம் பிரிவைத் திருத்தி, பயிற்சி முடித்த உதவி ஆய்வாளரும் புலனாய்வு செய்ய இடம் கொடுக்க வேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது.

காவல் துறை மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்துக்கு வருகிறது. கொள்கை விளக்கக் குறிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மூன்று எண்களைக் கேட்கச் சொல்லுங்கள். கைப்பற்றிய ஒரு செல்போனுக்கு ஆய்வக அறிக்கை வர எத்தனை நாள் ஆகிறது? இணையக் குற்றப் பிரிவில் தொடர்ந்து மூன்று ஆண்டு இருந்தவர்கள் எத்தனை பேர்? 1930க்கு வந்த புகார்களில் எத்தனை, முதல் தகவல் அறிக்கை ஆயின? இந்த எண்கள் கையில் இருந்தால், அடுத்த முறை ஒருவர் மேடையேறி எல்லாருடைய பூட்டையும் திறக்கும் சாவியைக் கேட்கும்போது, அவரிடம் பேசுவதற்கு நம்மிடம் விவரம் இருக்கும்.